சுஜித்தோனில் ஒரு நாளைக்கு 400 பேர்தான், அது சரிதான்

பிரான்சில் மார்செய் நகரத்துப் பக்கம் சுஜித்தோன் என்ற கடல் இடுக்கில் குளித்த படங்களைப் போட்டதிலிருந்து ஒரே கேள்வியாகத்தான் வருகிறது. "கடல்ல குளிக்க எதுக்கு முன்பதிவு? கடல் என்ன அவங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று சித்தி மகனே போனில் சண்டைக்கு வந்தான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடையில் நாளைக்கு 400 பேர், அதுவும் முன்பதிவோடு என்ற அந்தக் கட்டுப்பாடு சரி. இன்னும் பல இடங்களுக்கு அது வர வேண்டும்.

இடத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு. பிரான்சின் தென்கோடியில், மார்செய்க்கும் காஸ்ஸி என்ற சிறு துறைமுக ஊருக்கும் நடுவில், மத்தியதரைக் கடலை ஒட்டி வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை மலை நிற்கிறது. சில இடங்களில் நானூறு மீட்டருக்கு மேல் உயரம். அந்தப் பாறைக்குள் கடல் ஒடுக்கமாகப் புகுந்து நிற்கும் இடுக்குகளுக்குத்தான் கலாங்க் என்று பெயர். ஆன்-வோ, போர்-பான், போர்-மியூ, மொர்ஜியூ என்று வரிசையாக இருக்கின்றன, சுஜித்தோனும் அதில் ஒன்று. 2012-இல் இந்த நிலத்தையும் அதன் முன்னால் இருக்கும் கடலையும் சேர்த்துத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். சுமார் எட்டரை லட்சம் பேர் வாழும் நகரத்தின் வாசலிலேயே இருக்கிற தேசியப் பூங்கா இது. அதன் அழகும் அதுதான், அதன் தலைவலியும் அதுதான்.

சுஜித்தோனுக்குப் போக கார்கூட வேண்டாம். நகரப் பேருந்தில் ஏறி, கடைசி நிறுத்தமான லுமினி பல்கலைக்கழக வளாகத்தில் இறங்கி நடந்தால் போதும். முதலில் பைன் மர நிழலில் அகலமான மண் பாதை. கோடையில் சில்வண்டுச் சத்தம் காதை அடைக்கும், வெயிலில் பிசின் வாசனை எழும்பும். ஒரு மேட்டைத் தாண்டியதும் கீழே கடல் தெரியும். சிறிய போர்க்கப்பல் மாதிரி ஒரு பாறைத் தீவு தண்ணீரில் நிற்கும். அதற்கு வைத்திருக்கும் பேரே 'தொர்ப்பியர்', அதாவது டார்ப்பிடோ படகு. அங்கிருந்து இறக்கம். பாதை ஒடுங்கி, கடைசியில் கையை ஊன்றி இறங்க வேண்டிய பாறையாகிவிடும். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் குடிதண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை, கடை இல்லை. செருப்புப் போட்டுக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கீழே போனால் கூழாங்கல் நிறைந்த மிகச் சிறிய இரண்டு கரைகள். மற்றதெல்லாம் பாறைதான். மணற்பரப்பு என்று பேச்சுக்குக்கூடக் கிடையாது. துண்டை விரிக்கச் சமமான ஒரு பாறை கிடைத்தால் அதுவே பெரிய விஷயம். தண்ணீரோ, கரையோரம் பச்சை, பத்தடி தள்ளி நீலம், அதையும் தாண்டினால் கருநீலத் திட்டுகள். கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்கினால் அந்தத் திட்டுகள் புல்வெளி என்று தெரியும். பொசிடோனியா ஓசியானிக்கா என்ற கடற்புல். பாசி இல்லை, பூத்துக் காய்க்கும் நிஜமான தாவரம், உலகத்திலேயே மத்தியதரைக் கடலில் மட்டும் வளர்வது. மீன் குஞ்சுகள் அதற்குள்தான் ஒளிந்து பிழைக்கின்றன. பக்கவாட்டில் பரவுவது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான். நங்கூரம் ஒன்று பெயர்த்தெடுத்த இடம் திரும்ப மூட ஓர் ஆயுள் போதாது. பிரான்சில் 1988 முதல் அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட தாவரம். கரையில் காய்ந்து குவிந்து கிடக்கும் பழுப்பு இலைகளைப் பார்த்துக் குப்பை என்று முகம் சுளிக்க வேண்டாம். அது இந்தப் புல்லின் உதிர்ந்த இலை. அலையின் வேகத்தைத் தாங்கிக் கரை அரிக்காமல் காப்பதும் அதுதான்.

தண்ணீரின் குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் வெயிலில் போகிறோம், வெதுவெதுப்பாக இருக்கும் என்று நினைத்துக் குதிப்பவர்கள் அலறிக்கொண்டு மேலே வருவார்கள். வடமேற்கிலிருந்து மிஸ்த்ரால் காற்று பலமாக அடித்தால் மேல்மட்டத்துச் சூடான நீரைக் கரையைவிட்டு வெளியே தள்ளிவிடும், அந்த இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வரும். 24, 25 டிகிரியில் இருந்த கடல் ஓரிரு நாளில் 16 டிகிரிக்கு இறங்கிவிடும். வானம் பளிச்சென்று இருக்கும், பாறை சுடும், தண்ணீர் மட்டும் எலும்பைத் துளைக்கும். எனக்கு அந்தக் குளிர் மிகவும் பிடித்திருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏன் 400?

இறங்கும் வழியில் ஒரு பைன் மரத்தடியில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். உட்கார்ந்தது மண்ணில் இல்லை, வேரில். முழங்கால் உயரத்துக்கு வேர்கள் வெளியே நின்றன. கைபட்டுக் கால்பட்டு அவற்றின் மேல்தோல் தேய்ந்து, மெழுகு பூசிய மாதிரி வழவழவென்று இருந்தது. கீழே குனிந்து பார்த்தால் வெள்ளைப் பாறை தெரிந்தது. அந்த மரம் முளைத்த காலத்தில் வேர்களை மூடியிருந்த மண் எங்கே? கடலில். வருகிறவர் காலெல்லாம் மிதித்து மண்ணை இறுக்குகிறது, இறுகிய மண்ணுக்குள் மழைநீர் இறங்குவதில்லை, இலையுதிர்கால மழை ஒரே கொட்டாகக் கொட்டும்போது மேல்மண்ணை அரித்துச் சரிவில் கொண்டுபோய்க் கடலில் சேர்த்துவிடுகிறது. இந்த மலையில் மண்ணே கொஞ்சம்தான், அதுவும் பல நூறு ஆண்டுகளில் சேர்ந்தது. மண் போனால் விதை முளைக்க இடமில்லை. முளைத்தாலும் மிதிபட்டுச் சாகிறது. சுற்றிலும் நான் தேடிப் பார்த்தேன், பெரிய மரங்கள்தான் இருந்தன. இடுப்பளவு இளம் பைன் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பிள்ளை இல்லாத வம்சம். இருக்கிற கிழ மரங்கள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தால் அப்புறம் நிழலும் கிடையாது, பிடித்து இறங்க வேரும் கிடையாது.

கோடையின் உச்சத்தில் ஒரே நாளில் 2,500 பேர் வரைக்கும் இந்தச் சின்ன இடுக்குக்குள் இறங்கியிருக்கிறார்கள். 2020-இல் ஊரடங்கு தளர்ந்த கோடையில் கூட்டம் இன்னும் ஏறியது. பூங்கா நிர்வாகம் அதன்பின் செய்த காரியம் எனக்கு வியப்பாக இருந்தது. சுற்றுலாத் துறையில் பொதுவாக யாரும் செய்யாத வேலை அது. "தண்ணீர் குளிராக இருக்கும், இடம் நெருக்கடி, நடை கடினம், கழிப்பறை கிடையாது" என்று தன் இடத்தைப் பற்றித் தானே எடுத்துச் சொல்லி ஆட்களைத் திருப்பப் பார்த்தது. இன்ஸ்டாகிராம் படத்தில் தெரியும் ஆளில்லாத நீல நீருக்குப் பதிலாக, ஆளோடு ஆள் ஒட்டிக்கிடக்கும் உண்மை நிலவரத்தைக் காட்டியது. அதுவும் போதவில்லை. 2022 கோடையில் முன்பதிவைக் கொண்டுவந்தார்கள். நாளைக்கு 400 பேர். கட்டணம் இல்லை. மூன்று நாளுக்கு முன்னால் காலை ஒன்பது மணிக்கு இணையத்தில் திறக்கும், பெயரைக் கொடுத்தால் க்யூஆர் கோடு வரும், பாதையில் காவலர்கள் அதைப் பார்த்து அனுப்புவார்கள். இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 68 யூரோ.

கட்டணம் இல்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் என் ஆதரவு அதில்தான் நிற்கிறது. கூட்டத்தைக் குறைக்க மிகச் சுலபமான வழி டிக்கெட் போடுவது. நாற்பது யூரோ என்று வைத்தால் மறுநாளே கூட்டம் பாதியாகும். யார் குறைவார்கள்? பேருந்தில் வருகிறவர்கள். இத்தாலியின் சார்தினியாவில் லா பெலோசா கடற்கரையில் நாளைக்கு 1,500 பேர், தலைக்கு 3.50 யூரோ. அதே தீவில் காலா கொலோரிட்சே என்ற பாறைக்கரைக்கும் எண்ணிக்கை வரம்பும் கட்டணமும் உண்டு. பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பது நியாயம்தான், ஆனால் எனக்கு மார்செய்க்காரர்கள் செய்ததுதான் மனதுக்கு ஒப்புகிறது. இடம் குறைவு, அதனால் ஆள் குறைவு. பணம் இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே வரிசை.

எதிர்த்துப் பேசுகிறவர்களிடம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. சுஜித்தோன் எப்போதும் சாமானியர்களின் குளியல் துறை. கார் இல்லாதவர்கள் நகரப் பேருந்திலேயே எட்டிவிடக்கூடிய கலாங்க். மார்செய் நகரின் வடக்குப் பகுதிக் குடியிருப்புகளில் வளரும் பையன்கள் காலையில் எழுந்து, "இன்னிக்குப் போலாமா" என்று கிளம்புகிறவர்கள். மூன்று நாள் முன்னால் ஒன்பது மணிக்குக் கணினி முன்னால் காத்திருந்து பதிவு செய்வது, விடுமுறைத் திட்டம் போட்டு வெளியூரிலிருந்து வருகிற என்னைப் போன்றவர்களுக்கு எளிது. அவர்களுக்கு இல்லை. இது உண்மை. அதனால் அந்த 400-இல் ஒரு பங்கு உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு என்று தனியாக இருக்க வேண்டும், சமூக மையங்கள் வழியாக அவர்களைக் கூட்டிவர வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அதற்காக வரம்பையே எடு என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். மண்ணும் மரமும் போன பிறகு அந்தப் பையன்களுக்கு மிஞ்சுவது சுடும் பாறை மட்டும்தான்.

பக்கத்திலேயே இதைவிடப் பழைய ஒரு கதை இருக்கிறது. சுஜித்தோனுக்கு அடுத்த மொர்ஜியூ முனையில், கடலுக்கடியில் 37 மீட்டர் ஆழத்தில் ஒரு குகைக்கு வாசல். ஆன்றி கொஸ்கேர் என்ற முக்குளிப்பாளர் 1985-இல் அதைக் கண்டுபிடித்தார். நீர் நிறைந்த சுரங்க வழியில் உள்ளே ஏறிப் போனால் நீருக்கு மேலே நிற்கும் கூடம், சுவரில் கைத்தடங்கள், குதிரைகள், 19-ஆம் நூற்றாண்டில் அற்றுப்போன பெரிய ஆக் என்ற பறக்காத கடற்பறவைகள். மிகப் பழைய ஓவியங்களுக்கு 27,000 ஆண்டுகளுக்கும் மேல் வயது. அன்றைக்குப் பனியுகம், கடல் நூறு மீட்டருக்கும் கீழே, கரை பல கிலோமீட்டர் தள்ளி. 1991-இல் அந்தச் சுரங்கத்தில் மூன்று முக்குளிப்பாளர்கள் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டுதான் குகையைப் பற்றி அரசுக்கு முறையாகத் தெரிவிக்கப்பட்டது. வாசலை அடைத்துவிட்டார்கள். கடல்மட்டம் ஏற ஏற உள்ளே இருக்கும் ஓவியங்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குப் போகின்றன. 2022 ஜூனில் மார்செய் துறைமுகத்தில் அதன் நகலைத் திறந்தார்கள். அதே கோடையில்தான் சுஜித்தோனுக்கு 400 பேர் என்ற வரம்பும் வந்தது.

நகலைப் போய்ப் பார்த்தேன், நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் குகைக்கு நகல் செய்துவிடலாம். பைன் பிசின் வாசனையோடு, காலைக் கடிக்கும் குளிர்நீரோடு ஒரு கலாங்கை எங்கே நகலெடுப்பது? அதனால்தான் அசலுக்கு உயிர் இருக்கும்போதே கட்டுப்பாடு வேண்டும் என்கிறேன்.

எனக்கு உண்மையான கோபம் படகுகள் மீது. நடந்து வருகிறவனை எண்ணி விடுகிறோம், அது சரி. கோடை நாளில் காஸ்ஸிக்கும் மார்செய்க்கும் நடுவில் எத்தனை மோட்டார் படகுகள், எத்தனை சுற்றுலாக் கப்பல்கள்! 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்கள் பொசிடோனியா மேல் நங்கூரம் போடக் கூடாது என்று பிரான்சு மத்தியதரைக் கரை முழுக்கத் தடை வந்திருக்கிறது, நல்ல வேலை. அதைவிடச் சிறிய படகுகளுக்கும் அதே கண்டிப்பு எல்லா இடுக்கிலும் வர வேண்டும். தோளில் தண்ணீர்ப் பாட்டிலைச் சுமந்து ஒரு மணி நேரம் நடந்து வரும் மாணவனிடம் சீட்டுக் கேட்கிற நாட்டுக்கு, இயந்திரம் வைத்து வருகிறவனை எண்ணுவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை.

போகிறவர்களுக்கு. முடிந்தால் மே மாதத்திலோ அக்டோபரிலோ போங்கள், கூட்டமும் குறைவு, வெயிலும் குறைவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை காட்டுத்தீ அபாயம் மிக அதிகமாக இருக்கும் நாட்களில் மொத்த மலையையும் மூடிவிடுவார்கள், முந்தின நாள் மாலையே பூங்காவின் ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பிடிப்புள்ள ஷூ, கடல் முள்ளெலிக்குப் பயந்து ரப்பர் செருப்பு ஒன்று. பாதையைவிட்டு இறங்கிக் குறுக்குவழி போகாதீர்கள், அந்தக் குறுக்குவழிகள்தான் வேர்களைக் கொல்கின்றன. பதிவு செய்துவிட்டுப் போக முடியாமல் போனால் முந்தின நாளே ரத்து செய்துவிடுங்கள், மார்செயில் அந்த இடத்துக்காக யாராவது காத்துக்கொண்டிருப்பார்கள்.