விமானம் ‘ஸ்டால்’ ஆனால் இன்ஜின் நின்றுவிட்டது என்று பொருளா?

“ஓடுபாதைக்கு அருகே சிறிய விமானம் ஸ்டால் ஆகி விழுந்தது, அதாவது இன்ஜின் நின்றுவிட்டது, பைலட் மேல் தவறில்லை” என்று விபத்து வீடியோக்களோடு வாட்ஸ்அப்பில் சுற்றும் விளக்கம் தவறு.

கார் ஸ்டால் ஆவது, அதாவது இன்ஜின் நின்றுபோவது, வேறு; விமானம் ஸ்டால் ஆவது வேறு. இறக்கை எதிரே வரும் காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறக்குறைய 15 முதல் 18 டிகிரியைத் தாண்டினால், அதன் மேற்புறக் காற்றோட்டம் பிரிந்து தூக்குவிசை சரிகிறது. இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் இது நடக்கும்.

ஆபத்தான இடம் ஓடுபாதையை நோக்கிய கடைசித் திருப்பம். திரும்பும்போது ஓடுபாதையின் நேர்க்கோட்டைத் தாண்டிவிட்ட பைலட் விமானத்தை இன்னும் சாய்த்து, கண்ட்ரோலைப் பின்னால் இழுக்கிறார். நேராகப் பறக்கையில் 50 நாட் (மணிக்கு சுமார் 93 கி.மீ.) வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம், உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பும்போது 59 நாட்டிலேயே ஸ்டால் ஆகும். 60 டிகிரியில் சுமார் 70 நாட். கூடவே ரடர் (வால் பக்கச் சுக்கான்) மிதியை அதிகம் அழுத்தினால் ஒரு இறக்கை முதலில் விழும். 500 அடியில் மீள இடமில்லை. திருப்பத்தைக் கைவிட்டு, மூக்கைத் தாழ்த்தி, இறக்கைகளைச் சமன்செய்து, முழு பவரில் மேலேறி மறுபடி சுற்றிவருவதே சரி.

இன்ஜின் நின்று நேரும் விபத்துகளும் உண்டு. அதை ஊகிக்க வேண்டியதில்லை: ப்ரொப்பெல்லர் பிளேடு முறுக்கி வளைந்து, குறுக்குக் கீறல்களோடு கிடந்தால் இன்ஜின் பவரோடு சுழன்றதற்குத் தடயம். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பைலட் பயிற்சிக் கையேடுகளில் ஸ்டால் பற்றிய பகுதியைப் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.