ஒரு சின்ன அட்டைக்காக லேப்டாப்பையே மாற்ற வேண்டுமா?

பழைய லேப்டாப்பில் வைஃபை மெதுவாக இருக்கிறது என்று கடையில் போய்ச் சொல்லிப் பாருங்கள். திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். "புதுசு வாங்கிக்குங்க" என்பதுதான் பதில். கேட்கும்போதே வயிறு எரிகிறது.

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கிறது. தங்கையின் கைப்பேசியில் இணையம் பறக்கும். அதே மேசையில் அப்பாவின் லேப்டாப் 30-ஐத் தாண்டாது. லேப்டாப்பில் வேறு எந்தக் கோளாறும் இல்லை. உள்ளே இருக்கும் வைஃபை அட்டைதான் பழசு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும், ஒரே ஆண்டெனா. சாதாரண 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் அதன் உச்சமே 72 எம்பிபிஎஸ், அதுவும் ஏட்டளவில். மேல் மாடி, கீழ் மாடி, எதிர் வீடு என்று எங்கும் ரவுட்டர்கள். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்களோ 1, 6, 11 என மூன்றுதான். இதில் எங்கே வேகம் வரும்?

5 கிகாஹெர்ட்ஸில் இரண்டு ஆண்டெனாவோடு ஓடும் வைஃபை 5 தலைமுறை அட்டை போட்டால் இணைப்பு வேகம் 867 எம்பிபிஎஸ் வரை போகும். கணினிப் பொருள் விற்கும் லோ யாட் வளாகத்தில் நூறு ரிங்கிட்டுக்குள் வாங்கிவிடலாம். சில திருகாணிகள், இரண்டு மெல்லிய கம்பிகள், அவ்வளவுதான் வேலை. சரி என்று வாங்கி மாட்டினால், அனுமதி இல்லாத அட்டை என்று திரையில் எழுதிவிட்டு லேப்டாப் அப்படியே நின்றுவிட்டது! தான் ஒப்புக்கொண்ட அட்டைகளின் பட்டியலை, லேப்டாப்பைத் தொடக்கி வைக்கும் பயாஸ் மென்பொருளுக்குள் பூட்டி வைத்திருக்கிறது தயாரித்த நிறுவனம். கேட்டால் ரேடியோ சான்றிதழ் விதிகளாம். அப்படியானால் அதே லேப்டாப்பில் யூஎஸ்பி வைஃபை குச்சியைச் செருகினால் மட்டும் ஏன் தடுப்பதில்லை? நம் காசில் வாங்கிய பொருளுக்கு இவர்கள் யார் காவல்?

பூட்டு இல்லாவிட்டாலும் நிம்மதி இல்லை. அட்டை மாட்டும் இடமே ஒன்றுபோல் இல்லை: சில பழைய லேப்டாப்பில் மினி பிசிஐ-இ என்ற வகை, அப்புறம் வந்தவற்றில் எம்.2 என்ற வகை. இன்டெல் ஏஎக்ஸ்200 என்ற அட்டை சாதாரண எம்.2 வைஃபை இடத்தில் ஓடும். ஏஎக்ஸ்201-க்கோ அதற்கேற்ற இன்டெல் சிப்செட் (மதர்போர்டில் உள்ள கட்டுப்பாட்டுச் சில்லு) இருந்தே ஆக வேண்டும். ஓர் எண்தான் வித்தியாசம், வெளித்தோற்றம் ஒன்றுதான். விற்கிறவர்கள் இதை வாய் திறந்து சொல்வதில்லை.

இப்போது அப்பாவின் லேப்டாப்பில் யூஎஸ்பி குச்சி நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு யூஎஸ்பி துளை அதற்கே போய்விட்டது. உள்ளே அட்டைக்கான இடம் இருந்தும் இந்த அவதி எதற்கு? பூட்டித்தான் விற்பீர்கள் என்றால் அதைப் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். நாங்கள் வேறு லேப்டாப் பார்த்து வாங்கிக்கொள்கிறோம்.