325-இலேயே எல்லாம் முடிந்துவிட்டதா?

பௌத்தம் பல பிரிவுகளாக உடைந்தது, கிறிஸ்தவமோ 325-இல் நிசேயா சங்கம் (ஆயர்கள் கூடிய மாநாடு) வகுத்த விசுவாசப் பிரமாணத்தை, அதாவது நம்பிக்கை அறிக்கையை, மாற்றாமல் காத்துவருகிறது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அவ்வளவு சுலபமாகவா நடந்தது?

இயேசு படைக்கப்பட்டவர் என்ற, ஆரியுஸ் என்ற குருவின் போதனையை அந்தச் சங்கம் தள்ளியது உண்மைதான். ஆனால் சங்கத்தைக் கூட்டிய பேரரசர் கான்ஸ்டன்டைனே 337-இல் மரணப் படுக்கையில் ஞானஸ்நானம் பெற்றது ஆரியுசின் ஆதரவாளரான ஆயர் யூசேபியுவிடம்! கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டான்டியசும் நிசேயாவுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தவர். நிசேயாவுக்காக மல்லுக்கட்டிய அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். 381-இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் கூடியபோதுதான் ஒருவழியாக நிலைமை திரும்பியது. இன்று ஆலயங்களில் சொல்லப்படுவதும் அந்த 381 சங்கத்தின் பெயரில் வரும் விரிந்த வடிவம்தான். 325 வாசகம் தூய ஆவியை நம்புகிறோம் என்பதோடு நின்றுவிடும். அடுத்து வருவது மாற்றுக் கருத்தினர் மேல் சாபம்.

அப்புறம் மேற்கத்திய சபைகளில், தூய ஆவி தந்தையிடமிருந்து மட்டுமல்ல, மகனிடமிருந்தும் புறப்படுகிறார் என்று அந்தப் பிரமாணத்தில் சேர்த்தார்கள். போப் மூன்றாம் லியோ அந்தக் கோட்பாட்டை ஏற்றவர்; ஆனாலும் பழைய வாசகத்தைத் தொடக்கூடாது என்று அதை வெள்ளித் தகடுகளில் பொறித்து ரோமில் வைத்தார். (பிடிவாதக்காரர், எனக்குப் பிடித்தவர்.) 1014-இல் அதே ரோமில் பிரமாணத்தை அந்தச் சேர்க்கையோடு பாடினார்கள். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் இன்றுவரை அதை ஏற்கவில்லை.

சரி, பௌத்தத்துக்கு மட்டும் ஏன் தனி அளவுகோல்?