குச்சாவின் மக்கள்தொகை பற்றி ஒரு திருத்தம்

செர்பியாவின் குச்சா நாட்டின் தென் எல்லையில் உள்ள, 'மூன்று லட்சம் பேர் வாழும் ஊர்' என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது வாழ்பவர்களின் எண்ணிக்கை அல்ல, அங்கே நடக்கும் டிரம்பெட் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தின் எண்ணிக்கை. 2011 கணக்கெடுப்பில் குச்சாவில் இருந்தவர்கள் சுமார் 1,750 பேர்தான். அதைச் சுற்றியுள்ள கிராமங்கள் எல்லாம் அடங்கிய லூச்சானி நகராட்சியை முழுதாகச் சேர்த்தாலும் சுமார் 21,000.

இடமும் தவறு. குச்சா தென் எல்லையில் இல்லை. மேற்கு செர்பியாவின் திராகாச்செவோ மலைப்பகுதியில், மேற்கு மொராவா ஆற்றில் போய்ச் சேரும் பியெலிட்சா என்ற சிற்றாற்றின் கரையில் இருக்கிறது. பக்கத்துப் பெரிய நகரம் சாச்சக்.

குழப்பம் எங்கே வருகிறது என்று புரிகிறது. 1961இல் தேவாலய வளாகத்தில் நான்கே குழுக்களோடு தொடங்கிய டிரம்பெட் விழா இப்போது ஆகஸ்டில் லட்சக்கணக்கானோரை இழுக்கிறது. சதுக்கத்தில் டிரம்பெட் ஊதுபவரின் சிலை, தெருவோரம் விறகடுப்பில் பெரிய மண்பானைகளில் மணிக்கணக்காக வேகும் முட்டைக்கோஸும் இறைச்சியும், நிற்க இடமில்லாத நெரிசல். அந்தப் படங்களை மட்டும் பார்த்தால் மாநகரம் என்றுதான் தோன்றும். அப்புறம் கூட்டம் கலைந்துவிடும். 2002இல் ஏறத்தாழ 2,000 பேர் இருந்த ஊர் அது. ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அந்த உண்மையை இந்த மூன்று லட்சம் மறைத்துவிடுகிறது, அதனால் தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள்.