கடைசியில் என்ன கருத்து என்று கேட்காதீர்கள்

போன மாதம் ஒரு கல்லூரியில் நாடகப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். வங்கியில் வேலை பார்க்கும் எனக்கும் நாடகத்துக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்: வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாலைந்து பேர் கூடி நாடகம் வாசிக்கிறோம். அவ்வளவுதான் என் தகுதி. மொத்தம் 7 நாடகங்கள், ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம், மூன்று நடுவர்கள்.

நாலாவதாக வந்த நாடகத்தில் இரண்டே பெண்கள். ஒருத்தி அம்மா, ஒருத்தி மகள். மடியில் ஆளுக்கொரு முறம். பீடி சுற்றுகிறார்கள். இலையை வெட்டுவது, தூளை வைப்பது, உருட்டுவது, நூலால் கட்டுவது என்று கை ஓடிக்கொண்டே இருக்கிறது. குடியாத்தம் பக்கத்துப் பிள்ளைகள் போலிருக்கிறது, பழகிய கைகள். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்து வந்த கடிதம் அவளுடைய முறத்தில் இலைகளுக்கு அடியில் கிடக்கிறது. அது நமக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும் என்பது பாதியில்தான் நமக்குப் புரிகிறது. கடிதத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. "எத்தனை ஆயிற்று?" "நானூறு." "ஆயிரத்துக்கு இன்னும் அறுநூறு." இதுதான் பேச்சு. எண்ணிக்கை ஏற ஏற இதையே ஐந்தாறு முறை கேட்டுக்கொள்கிறார்கள், ஒவ்வொரு முறையும் வேறு குரலில். கடைசியில் மகளுக்கு எண்ணிக்கை தவறிப்போகிறது. அம்மா நிமிர்ந்து பார்க்கிறாள். எதுவும் சொல்லாமல் மகளின் முறத்திலிருந்த இலைகளை அள்ளித் தன் முறத்தில் போட்டுக்கொள்கிறாள். மகளின் முறத்தில் கடிதம் மட்டும் மிச்சம். விளக்கு அணைகிறது.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நடுவர் மைக்கை வாங்கினார். "நல்ல முயற்சி. ஆனால் கருத்து சரியாக வெளிப்படவில்லை. கடைசியில் பெண் கல்வியைப் பற்றி ஒரு வாசகமாவது சொல்லியிருக்கலாம்" என்றார். முதல் பரிசு பிளாஸ்டிக் ஒழிப்பு நாடகத்துக்குப் போனது. பச்சைப் புடவை கட்டிய பூமித்தாய் அழுதாள், பிறகு எல்லோரும் சேர்ந்து உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். நான் கொடுத்த மதிப்பெண் கூட்டலில் கரைந்துபோயிற்று. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் புலம்பினேன். மூன்றாம் நாள்தான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன். முடிக்க இத்தனை நாளாயிற்று.

குறுநாடகத்தை நாம் பார்க்கத் தெரியாமல் பார்க்கிறோம் என்பது என் குற்றச்சாட்டு. அரை மணி நேரத்துக்குள் முடிகிற நாடகம் என்றால் ஆண்டுவிழாவுக்கும் விழிப்புணர்வு வாரத்துக்கும் மட்டும் உரியது என்று முடிவு கட்டிவிட்டோம். மருந்துச் சீட்டு மாதிரி அதில் ஒரு கருத்து எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் கைதட்டல் பாதியாகக் குறைகிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. நான் பிறந்தது கலவைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்போது அது வடஆற்காடு மாவட்டம். திரௌபதி அம்மன் திருவிழா வந்தால் பாரதக் கூத்து. இரவு பத்து மணிக்கு மேல் மத்தளமும் முகவீணையும் தொடங்கினால் விடிகிற வரைக்கும் நடக்கும். ஆயா பாய் விரித்து என்னைப் படுக்கவைத்துவிடுவாள். நான் முழு இரவும் கூத்துப் பார்த்தவள் இல்லை. எது எப்போது வரும் என்று ஆயாவுக்குத் தெரியும். அந்த நேரத்தில் மட்டும் தோளைத் தட்டி எழுப்புவாள். இரண்டு பேர் திரை பிடித்திருப்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் பாடுவான். கிரீடம் மட்டும் திரைக்கு மேலே ஆடும். ஆள் இன்னும் வெளியே வரவில்லை. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வம்புக்கு இழுப்பான். திரை விலகும். கால் மணி நேரம் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப்போவேன். அடுத்து எழுப்பும்போது துகில் உரிகிற இடம். யாரோ கற்பூரம் ஏற்றுவார்கள். பெண் வேடம் கட்டிய ஆணின் முன்னால் எங்கள் ஊர்ப் பெண்கள் கும்பிட்டபடி நிற்பார்கள்.

ஆயா எழுப்பிக் காட்டிய அந்தக் கால் மணி நேரங்கள்தான் நான் பார்த்த முதல் குறுநாடகங்கள் என்று இப்போது தோன்றுகிறது. முன்கதை பாதி தெரியாது, பின்கதை தூக்கத்தில் போய்விட்டது. ஆனாலும் அந்தக் கிரீடம் திரைக்கு மேல் ஆடியது இன்றும் கண்ணில் நிற்கிறது. இதில் என்ன நீதி என்று ஆயாவைக் கேட்டிருந்தால் தலையில் ஒரு குட்டு விழுந்திருக்கும்.

இன்னொரு வருத்தமும் உண்டு. நவீனத் தமிழ் நாடகம் எங்கள் மண்ணின் கிணற்றில் தண்ணீர் குடித்தது, எங்களுக்கே அது தெரியாது. நாடகாசிரியர் ந. முத்துசாமி அன்றைய தஞ்சை மாவட்டத்தில் புஞ்சை என்ற கிராமத்தில் பிறந்தவர். புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து அசந்துபோனவர், கூத்துதான் நம்முடைய நாடகம் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். புரிசை எங்கே இருக்கிறது? செய்யாறு பக்கம். 1989இல் மாவட்டத்தைப் பிரித்தபோது திருவண்ணாமலையோடு போய்விட்டது. அதற்கு முன்பு வடஆற்காடு. முத்துசாமி 2018இல் காலமானபோது என் அலுவலகத்தில் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி நான்.

அவருடைய 'நாற்காலிக்காரர்' எங்கள் மாடியில் வாசித்த முதல் நாடகம். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார். சுற்றி இருப்பவர்கள் அவரைச் சும்மா வேடிக்கை பார்க்க விடுவதாக இல்லை. முதல் வாசிப்பில் எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எழுத்தைக் கண்ணால் மேய்ந்தால் அது அசட்டுத்தனமாகக்கூடத் தெரியும். இரண்டாம் வாரம் நிஜமாகவே ஒரு நாற்காலியை நடுவில் போட்டு, எங்களில் ஒருவரை உட்காரவைத்து, மற்றவர்கள் நின்றுகொண்டு வாசித்தோம். உட்கார்ந்தவர் பத்தாவது நிமிடத்தில் நெளிய ஆரம்பித்தார். அங்கேதான் எங்களுக்கு நாடகம் புரிந்தது. அன்றிலிருந்து எங்கள் மாடியில் ஒரே ஒரு சட்டம்: மனத்துக்குள் வாசிக்கக் கூடாது, வாய்விட்டுத்தான் வாசிக்க வேண்டும். இதனால் வந்த தொல்லையும் உண்டு. மாமியார், மருமகள் சண்டை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா கைப்பிடிச் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, "என்னம்மா, யாருக்கு என்ன ஆயிற்று?" என்று பதறிவிட்டார். அதற்குப் பிறகு அவரும் சுவரோரம் நின்று கேட்க ஆரம்பித்தார்.

கே.ஏ. குணசேகரனின் 'பலியாடுகள்' வாசித்த மாலை வேறு மாதிரி. நரபலிக்கு ஒடுக்கப்பட்டவனின் கழுத்தைத் தேடும் ஊர், கடைசியில் அவனுக்கும் கீழே ஒரு பெண்ணை நிறுத்திவிடுகிறது. முடிந்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. டீ ஆறிப்போயிற்று. பிரபஞ்சனின் 'முட்டை', ஜெயந்தனின் 'கணக்கன்' எல்லாம் அப்புறம் வந்தன. அவற்றைப் பற்றித் தனியாக எழுத ஆசை.

வெளிநாட்டு நாடகம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆங்கில நாடகாசிரியர் ஹெரால்ட் பின்டர் 1988இல் எழுதிய 'மலை மொழி'. மேடையில் ஏறக்குறைய இருபது நிமிடம்தான். எங்கள் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் எங்களுக்காகத் தமிழில் எழுதிக் கொடுத்தார். சிறைச்சாலைச் சுவருக்கு வெளியே பெண்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பவர்களைப் பார்க்க வேண்டும். மலைக்காரர்களான அவர்களுடைய மொழிக்குத் தடை. ஒரு கிழவி மகன் எதிரில் உட்கார்ந்து, ரொட்டி கொண்டுவந்திருக்கிறேன் என்கிறாள். காவலன் குச்சியால் குத்துகிறான். ஆப்பிள் கொண்டுவந்திருக்கிறேன் என்கிறாள். மறுபடியும் குத்து. பிறகு ஒருநாள் விதி மாறிவிடுகிறது. உன் மொழியிலேயே பேசலாம் என்கிறார்கள். மகன் கெஞ்சுகிறான். கிழவி பேசவில்லை.

கிழவியின் பங்கை வாசித்தவர் முன்பு நர்ஸாக இருந்தவர். கடைசிக் காட்சியில் அவருக்கு வசனமே கிடையாது. வாய்விட்டு வாசிக்க வேண்டும் என்ற எங்கள் சட்டம் அங்கே மாட்டிக்கொண்டது. அவர் தாளைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த அரை நிமிடத்தை நான் மறக்க மாட்டேன்.

மறுநாள் காந்தி ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். அந்தத் தெருவைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்காக லாட்ஜ், சாப்பாட்டுக் கடை, மருந்துக் கடை எல்லாவற்றிலும் வங்க எழுத்தில் பலகை தொங்கும். தள்ளுவண்டியில் பழம் விற்கும் நம்மூர் அம்மாவும், மகனைக் கைத்தாங்கலாகப் பிடித்திருந்த ஒரு வங்கத்துத் தாயும் ஆப்பிளுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் தமிழில், அவர் வங்காளத்தில், நடுவில் விரல்கள். பேரம் படிந்தது. ஒரு ஆப்பிளைக் கொசுறாகப் போட்டார் நம்மவர். நான் நின்று பார்த்தேன். முந்தின நாள் அந்த நாடகத்தை வாசிக்காமல் இருந்திருந்தால் நின்றிருக்க மாட்டேன்.

குறுநாடகம் என்றாலே தேன் என்றும் நான் சொல்ல வரவில்லை. இப்போது எழுதப்படுவதில் பாதிக்கு மேல் எனக்கு எரிச்சலூட்டுகிறது. கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் பேசுகிறவரின் வார்த்தையையும் இவரே திருப்பிச் சொல்வது. கடைசி நிமிடத்தில் 'அவன் செத்துப்போய்ப் பத்து வருடம் ஆகிறது' என்று ஒரு திருப்பம். சோகத்துக்கு ஒரு வயலின் பதிவு. இவற்றைப் பார்க்கச் சென்னைக்குப் போய்வர 280 கிலோமீட்டர் பஸ்ஸில் உட்கார்ந்து, நடுராத்திரியில் புது பஸ் நிலையத்தில் இறங்கியிருக்கிறேன். ஆட்டோவுக்குக் கொடுத்த காசு டிக்கெட்டைவிட அதிகம். இருபது நிமிட நாடகம் ஏமாற்றினால் கோபம் இரண்டு மடங்கு வரும். நீள நாடகத்திலாவது நடுவில் ஒரு நல்ல காட்சி தப்பித் தவறி வந்துவிடும்.

எங்கள் ஊரிலேயே எழுத எவ்வளவோ கிடக்கிறது. ஜூலை 10 வந்தால் 1806 சிப்பாய்ப் புரட்சியைப் பள்ளிப் பிள்ளைகள் நடிக்கிறார்கள். வாளை உருவுகிறார்கள், வெள்ளைக்காரனை 'டேய்' என்கிறார்கள், கடைசியில் முழக்கம். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை; எழுதிக் கொடுக்கும் பெரியவர்களைத்தான் சொல்கிறேன். எனக்கு ஜூலை 9 இரவு போதும். கோட்டைக்குள் இரண்டு சிப்பாய்கள். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் வைத்துத் தைத்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்ற உத்தரவு வந்து மாதங்கள் ஆகிவிட்டன. அந்தத் தலைப்பாகை இருவருக்கும் நடுவில் தரையில் கிடக்கிறது. ஒருவன் அதைத் தொடவே மாட்டேன் என்கிறான். மற்றவன் அதைப் போட்டுக்கொண்டால் தன் முகம் எப்படி இருக்கும் என்று அகழித் தண்ணீரில் பார்க்க ஆசைப்படுகிறான். பன்னிரண்டு நிமிடம். துப்பாக்கிச் சத்தம் கேட்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். விடிவதற்குள் என்ன நடந்தது என்று வேலூரில் யாருக்குச் சொல்லித்தர வேண்டும்? யாராவது எழுதுங்கள். நான் எழுதிப் பார்த்தேன், எனக்கு வரவில்லை. என் சிப்பாய்கள் இருவரும் வங்கி ஊழியர்களைப் போலப் பேசுகிறார்கள்.

பீடி நாடகத்துக்கு வருகிறேன். அதை எழுதிய மாணவியைத் தேடிப் பிடித்து, போன ஞாயிறு எங்கள் மாடிக்கு வரவழைத்தோம். நாலே பக்கம். அன்று மின்வெட்டு, கைபேசி வெளிச்சத்தில் வாசித்தோம். காற்றே இல்லை, தாளை விசிறியாக்கக் கை துறுதுறுத்தது. அம்மாவாக நான், மகளாக அவள். மேடைக் குறிப்புகளை எங்கள் ஆங்கில ஆசிரியர் வாசித்தார். இலைகளை அள்ளித் தன் முறத்தில் போட்டுக்கொள்கிறாள், மகளின் முறத்தில் கடிதம் மட்டும் மிச்சம், விளக்கு அணைகிறது.

சுவரோரம் நின்றிருந்த பக்கத்து வீட்டு அக்கா, "அந்தப் பெண் கல்லூரிக்குப் போனாளா?" என்று கேட்டார்.

"தெரியாது அக்கா" என்றேன்.

அடுப்பை அணைக்கக் கீழே போனவர் திரும்பி வந்தார். சின்ன வயதில் அவரும் பீடி சுற்றியவர் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

"இலையை மட்டும் அள்ளினால் எப்படிச் சுற்றுவாள்? மகள் முறத்தில் இருக்கிற தூளையும் அந்த அம்மா வழித்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பொட்டுக்கூடத் தரையில் சிந்தக் கூடாது. குறைந்தால் கூலியில் பிடிப்பான்" என்றார்.

அந்த மாணவி என்னிடம் பேனா கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டாள்.