சாம்பிராணி வாசம் போகாத ஜிம்

இது 2020 ஆகஸ்ட் கடைசி. கொரோனாவால் மூடிக்கிடந்த ஜிம்களைத் திறந்துவிட்டார்கள். திரும்பப் போகலாமா வேண்டாமா என்று பத்து நாளாக எங்கள் வீட்டில் பட்டிமன்றம். நடுவர் அம்மா. இரண்டு அணியிலும் நானே பேசினேன். ஒருவழியாகத் தீர்ப்பு வந்துவிட்டது. இன்பாக்ஸில் நாலைந்து பேர் இதே கேள்வியைக் கேட்டிருப்பதால் பொதுவில் எழுதிவிடுகிறேன்.

முதலில் என் லட்சணத்தைச் சொல்லிவிட வேண்டும். வயது 44. மார்ச் நடுவில் ஜிம்களை மூடச் சொன்னபோது 78 கிலோ, இப்போது 85. போன மாதம் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் மூன்று மாத சர்க்கரை சராசரி (HbA1c) 6.3. இன்னும் 0.2 ஏறினால் சர்க்கரை நோய், நானும் மாத்திரை டப்பாவோடு சாப்பிட உட்கார வேண்டியதுதான். அந்த டப்பா ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, அம்மாவுடையது. 69 வயது, பதினைந்து வருஷத்துச் சர்க்கரை, கூடவே பிரஷர். நான் வெளியே போய்வந்து செருப்பைக் கழற்றும் இடத்திலிருந்து எட்டடியில் அவருடைய கட்டில்.

வீட்டிலேயே உடற்பயிற்சி செய்யக்கூடாதா என்று கேட்பீர்கள். செய்தேன். ஏப்ரல் மாதம் மட்டும். இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஸ்குவாட் போட்டேன். ஒருநாள் மூடி கழன்று ஹால் முழுக்கத் தண்ணீர். அம்மா ஒன்றும் சொல்லாமல் மாப்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அதுவும் நல்ல பயிற்சிதான். மே மாத வெயிலில் மொட்டை மாடியில் தண்டால் எடுக்கும் ஆசையும் போய்விட்டது. டம்பெல் வாங்கலாம் என்று விசாரித்தால் பழைய விலையைப் போல இரண்டு மடங்கு சொன்னார்கள். இத்தனைக்கும் உண்மைக் காரணம் வேறு. எனக்கு நாலு பேர் வேண்டும். பக்கத்தில் ஒருவன் என்னைவிட அதிக எடை தூக்கினால்தான் எனக்குக் கை எழும்பும். ஆரோக்கியத்துக்காக ஜிம்முக்குப் போகிறேன் என்று நாம் சொல்லிக்கொள்வதில் பாதி பொய்.

சரி, கதைக்கு வருகிறேன். ஆகஸ்ட் 5 முதல் ஜிம்களைத் திறக்கலாம் என்றது மத்திய அரசு. தமிழ்நாட்டில் 10-ஆம் தேதி முதல், அதுவும் 50 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். மறுநாளே நான் உறுப்பினராக இருக்கும் ஜிம்மிலிருந்து வாட்ஸப்பில் செய்தி. பெயர் வேண்டாம். இரண்டாவது மாடி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே பாட்டு, ஏ.சி. பிப்ரவரியில்தான் ஆண்டுக் கட்டணம் 18,000 கட்டியிருந்தேன். 31-ஆம் தேதிக்குள் வந்து பதிந்தால் மூடியிருந்த மாதங்களைச் சேர்த்துக் கொடுப்பார்களாம். இல்லாவிட்டால் இல்லையாம். என்னமோ நான் போய் அவர்கள் கடைக்குப் பூட்டுப் போட்டது போல.

நேரில் பார்த்துவிடலாம் என்று ஒருநாள் காலை பத்து மணிக்குப் போனேன். வாசலில் ஒரு பையன் மணிக்கட்டில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியைக் காட்டினான். 34.2. அந்த வெப்பநிலையில் நான் ஏறக்குறைய பிணம். "ஓகே சார், நார்மல்" என்று எழுதிக்கொண்டான். விரலில் ஆக்சிஜன் மீட்டரை மாட்டினான். 95-க்குக் கீழே இருந்தால் உள்ளே விடக்கூடாது என்பது மத்திய சுகாதாரத் துறையின் கொரோனா கால விதி. எனக்கு 98. கையில் சானிடைசர். உள்ளே ஒன்றுவிட்டு ஒரு டிரெட்மில்லில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். ஆளுக்கொரு ஸ்பிரே பாட்டில். பார்க்கப் பார்க்கத் திருப்தியாகத்தான் இருந்தது.

உள்ளே நின்ற ஐந்தாவது நிமிடம்தான் மூக்கு வேலை செய்தது. சாம்பிராணி வாசம். இப்போதுதான் போட்டீர்களா என்று கேட்டேன். இல்லை சார், காலை ஐந்தரைக்குப் பூஜை என்றான். நாலரை மணி நேரம். அந்தப் புகை வெளியே போக வழியே இல்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஸ்பிலிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிர்விக்கும். வெளியிலிருந்து ஒரு மூச்சுக் காற்றைக்கூடக் கொண்டுவராது. கண்ணாடிகளைத் தட்டிப் பார்த்தேன். திறக்கிற மாதிரி ஒன்றுகூட இல்லை. ஐந்தரை மணிச் சாம்பிராணி பத்து மணிக்கு என் மூக்கில் ஏறுகிறது என்றால், ஐந்தரை மணிக்கு டெட்லிஃப்ட் போட்டவனின் மூச்சு எங்கே போயிருக்கும்?

சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுத்துவிடுகிறான். மூச்சிரைக்க உடற்பயிற்சி செய்யும்போது அது 60 லிட்டரைத் தாண்டும். நல்ல பயிற்சி உள்ளவர்களுக்கு 100-க்கும் மேலே. பத்து பேர் ஓடினால் நூறு பேர் உட்கார்ந்திருக்கும் அளவுக்கு மூச்சு. அந்த நேரத்தில் முகக்கவசம் எங்கே இருக்கிறது? தாடையில். அவர்களையும் குறை சொல்ல முடியாது. உடற்பயிற்சியின்போது முகக்கவசம் வேண்டாம் என்றது உலக சுகாதார நிறுவனம். முடிந்தவரை முகத்தடுப்பு மட்டும் போடு, முகக்கவசம், அதிலும் என்-95, மூச்சுவிடச் சிரமம் தரலாம் என்றது நம் அரசு. கண்ணாடித் தாள் மாதிரி முன்னால் தொங்கும் முகத்தடுப்பு எச்சில் தெறிப்பதைத் தடுக்கும், பக்கவாட்டில் போகும் மூச்சை என்ன செய்யும்? ஆக, இருப்பவர்களிலேயே அதிகமாக மூச்சு விடுகிறவனுக்குத்தான் மறைப்பு குறைவு.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். அதே கொரோனா விதிமுறையில் ஆளுக்கு 4 சதுர மீட்டர் இடம் என்று இருக்கிறது. அந்த ஜிம் 1,500 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 139 சதுர மீட்டர். நாலால் வகுத்தால் 34 பேர். கொரோனாவுக்கு முந்தைய காலத்தில்கூட அங்கே காலையில் 34 பேரை நான் ஒன்றாகப் பார்த்ததில்லை! விதியை முழுசாகப் பின்பற்றினால் பழைய கூட்டத்தைவிட அதிகம் வரலாம். நியாயமாகச் சொன்னால், அதே விதிமுறையில் வெளிக்காற்று முடிந்தவரை உள்ளே வர வேண்டும், குறுக்கே காற்றோட்டம் வேண்டும் என்றும் ஒரு வரி இருக்கிறது. சானிடைசர் வரியைப் படித்தவர்கள் அந்த வரியை மட்டும் எப்படியோ தாண்டிப் போய்விடுகிறார்கள். சானிடைசர் வாங்க முந்நூறு ரூபாய் போதும், ஜன்னல் வைக்கச் சுவரை உடைக்க வேண்டுமே.

ஜிம்மில் அப்படியென்ன பரவிவிடும் என்று கேட்கும் நண்பர்களுக்குத் தென்கொரியாவின் சியோனான் நகரக் கதையைச் சொல்கிறேன். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அங்கே ஜூம்பா மாதிரியான நடன உடற்பயிற்சி வகுப்புகளிலிருந்து 112 பேருக்குத் தொற்று. 12 உடற்பயிற்சிக் கூடங்கள். 60 சதுர மீட்டர் அறையில் 5 முதல் 22 பேர் வரை சேர்ந்து 50 நிமிடம் குதித்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் குறித்து வைத்த இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. தொற்று இருந்த பயிற்சியாளர்களில் ஒருவர் ஏழெட்டுப் பேருக்கு யோகாவும், பிலாட்டீஸ் என்ற நிதானமான உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்த வகுப்பில் யாருக்கும் வரவில்லை. ஆள் குறைவு, மூச்சும் நிதானம்.

எதிரணிக்கு நார்வே. ஆஸ்லோவில் மே, ஜூனில் 3,764 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஜிம்முக்கு அனுப்பி, மறு பாதியை நிறுத்திவைத்துப் பார்த்தார்கள். ஜிம்முக்கு அனுப்பிய பாதியில் ஒரே ஒருவருக்குத் தொற்று, அவரும் ஜிம் பக்கமே போகாத ஆள். இந்தச் செய்தியை எனக்கு மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். சந்தோஷம். ஆனால் அப்போது ஆஸ்லோவிலேயே தொற்று மிகமிகக் குறைவு. சென்னையில் இந்த ஆகஸ்டிலும் நாளுக்கு ஆயிரம் பேரையொட்டித் தொற்று வருகிறது. மீனே இல்லாத குளத்தில் தூண்டில் போட்டுவிட்டு, தூண்டிலில் மீன் சிக்காது என்று சொல்ல முடியுமா?

"டாஸ்மாக்கையே திறந்துவிட்டான், ஜிம்முக்கு என்ன?" என்பது இன்னொரு வாதம். சென்னையில் ஆகஸ்ட் 18-ஆம் தேதிதான் திறந்தார்கள் என்பதால் இது சுடச்சுட ஓடுகிறது. திறந்ததெல்லாம் பத்திரம் என்று யார் சொன்னது?

ஐம்பது வயது வரம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வயது ஏற ஏற ஆபத்து கூடும் என்பது உண்மை, அதனால் வரம்பு வைத்ததில் தப்பில்லை. ஆனால் அது வாசலில் நின்றுவிடுகிறது. 44 வயதுக்காரன் நான் உள்ளே போகலாம், வியர்த்து வழியலாம், வீட்டுக்கு வந்து 69 வயது அம்மாவின் கையில் காபி வாங்கிக் குடிக்கலாம். நம் ஊரில் எத்தனை பேர் தனியாக வாழ்கிறோம்? ஜிம் வாசலில் கேட்க வேண்டிய கேள்வி "உங்களுக்கு என்ன வயசு" என்பதைவிட "வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்" என்பதுதான். அதை எந்தப் பதிவேட்டிலும் யாரும் எழுதுவதில்லை, நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது.

என்னை நிஜமாகவே ஆட்டிப்பார்த்தது அந்தக் கண்ணாடி ஜிம்மில் வேலை பார்த்த பயிற்சியாளர் தம்பிதான். ஏப்ரலில் பாதிச் சம்பளம், அப்புறம் அதுவும் இல்லை. இத்தனை நாள் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்துகொண்டிருந்தான். மே மாதம் எங்கள் தெருவிலேயே ஒருநாள் பார்த்தேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினான். மெலிந்துபோயிருந்தான். "நீங்கள்லாம் வந்தாத்தான் சார் எங்களைத் திரும்ப எடுப்பாங்க" என்று இப்போது செய்தி அனுப்பியிருக்கிறான். மொட்டை மாடிக்கு வந்து சொல்லிக்கொடு, மாதாமாதம் கொடுத்துவிடுகிறேன் என்றேன். வெளியே வகுப்பு எடுத்தால் ஓனர் திரும்ப வேலைக்கே எடுக்க மாட்டார் என்கிறான். அவனுக்குச் சொல்ல என்னிடம் இன்னும் பதில் இல்லை. தீர்ப்பில் இந்த ஒரு பக்கம் வெற்றாகத்தான் இருக்கிறது.

சரி, தீர்ப்பு. அந்த ஜிம்முக்குப் போகவில்லை. 18,000 போனால் போகட்டும் என்று சொல்ல மனசு வரவில்லைதான், ஆனாலும் போகவில்லை. அதற்காக வீட்டிலும் உட்காரவில்லை. 6.3 என்ற எண்ணும் என்னுடையதுதானே.

பெரம்பூரில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு பழைய ஜிம் உண்டு. கல்லூரி நாட்களில் நான் முதன்முதலில் ராடு பிடித்த இடம். மூன்றாவது மாடியில் சிமெண்ட் ஷீட் கூரை, மூன்று பக்கமும் இடுப்பளவு சுவர், அதற்கு மேல் கிரில். ஏ.சி. கிடையாது, டிரெட்மில் கிடையாது, ஓரமெல்லாம் கறுத்துப்போன ஒரு கண்ணாடி, துரு ஏறிய பிளேட்டுகள். மழை சாய்வாக அடித்தால் பெஞ்ச் நனையும். மாதம் 400 ரூபாய். நாலு காசு கையில் வந்ததும் இந்த இடத்தை விட்டுத்தான் கண்ணாடி ஜிம்முக்கு ஓடினேன். வசதி இல்லை என்று எதையெல்லாம் குறையாகச் சொன்னேனோ அதையெல்லாம் இப்போது தேடிப் போயிருக்கிறேன். மாஸ்டர் பார்த்ததும் சிரித்தார். "வாப்பா, ஏ.சி. ஒத்துக்கலையா?"

ஆஞ்சநேயர் படத்துக்கு முன்னால் அவர் ஊதுபத்தி ஏற்றினார். நான் புகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முழம் மேலே எழும்பியது, அப்படியே வளைந்து கிரில் வழியாக ரயில்வே லைன் பக்கம் போய்விட்டது. பக்கத்தில் நின்ற எனக்கு வாசம்கூடச் சரியாக வரவில்லை. இதைவிடப் பெரிய ஆய்வு எனக்குத் தேவைப்படவில்லை. ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. காலை ஐந்தேகாலுக்கு முதல் பேட்ச், நாலே பேர், ஆளுக்கொரு மூலை. செட்டுக்கு நடுவில் முகக்கவசம். எடை தூக்குகிறவன் பக்கத்தில் நின்று கைகொடுக்கும் 'ஸ்பாட்' யாருக்கும் யாரும் பிடிப்பதில்லை, அதனால் தனியாகத் தூக்க முடிகிற எடை மட்டும். நாலு வீட்டில் எங்காவது ஒரு தும்மல் என்றாலும் அன்றிலிருந்து கடை மூடல், இது மாஸ்டரின் கண்டிஷன். அம்மாவின் கண்டிஷன் தனி: நேரே குளியலறை, அப்புறம்தான் காபி, அதுவும் பால்கனியில். இன்னும் ஒரு மாதம் கழித்துத் தொற்று எண்ணிக்கை ஏறினால் இதையும் நிறுத்திவிடுவேன்.

முதல் நாள் பெஞ்ச் பிரஸ், அதாவது பெஞ்சில் படுத்து எடையை நெஞ்சுக்கு மேலே தள்ளுவது. மார்ச்சில் 70 கிலோ போட்டவன். 40 கிலோவில் எட்டாவது முறைக்கே கை நடுங்கிவிட்டது. ராடை மாட்டிவிட்டு அப்படியே கூரையைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். கீழே தெருவிலிருந்து ஒரு குரல். எங்கள் ரயில்வே அண்ணன். லோகோ ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், 61 வயது. இருபது வருஷமாக அந்த ஜிம்மின் முதல் பேட்ச் ஆள், வயது வரம்பால் இப்போது மேலே வர முடியாது. விடிந்தும் விடியாமல் முகக்கவசத்தோடு வந்து எதிர்வீட்டுச் சுவரோரம் நின்று கையை வீசிக்கொண்டிருக்கிறார்.

"மாஸ்டர், இன்னைக்கு என்ன, செஸ்ட்டா?"

"ஆமாண்ணே."

"புதுசா யாரோ ராடைத் தூக்க முடியாம மாட்டின சத்தம் கேட்டுச்சே, யாரு அது?"