மீள்வரிசை டிஎன்ஏ: வாட்ஸ்அப் தகவல் தப்பு

"மனித டிஎன்ஏவில் 98 சதவீதம் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் குப்பை; அது எல்லாக் குரோமோசோம்களிலும் சீராகத் தூவிக் கிடக்கிறது." இப்படி ஒரு தகவல் சுற்றுகிறது. முன்பாதியும் தப்பு, பின்பாதியும் தப்பு.

98 என்பது புரதத்துக்கான குறிப்பு இல்லாத பகுதியின் அளவு. மீள்வரிசைகள், அதாவது திரும்பத் திரும்ப வரும் வரிசைகள், மொத்த டிஎன்ஏவில் சுமார் பாதிதான். மீதியில் மரபணுக்களை முடுக்கவும் அடக்கவும் செய்யும் சுவிட்சுகளும் அடக்கம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் இந்தத் தகவல்.

சரி, சீராகவா பரவியிருக்கின்றன? இல்லவே இல்லை. அலு என்ற மீள்வரிசை சுமார் 300 டிஎன்ஏ எழுத்து நீளம். பத்து லட்சத்துக்கும் மேல் பிரதிகள். மரபணுக்கள் நெருக்கமாக உள்ள இடங்களில்தான் அதிகம். லைன்-1 என்ற இன்னொரு மீள்வரிசை நேர்மாறு: மரபணுக்கள் குறைந்த பகுதிகளில் குவிந்திருக்கிறது, எக்ஸ் குரோமோசோமில் இன்னும் கூடுதல். வேடிக்கை என்னவென்றால், தன்னைப் பிரதியெடுக்க அலு இரவல் வாங்குவதே லைன்-1இன் இயந்திரத்தைத்தான்.

குரோமோசோமின் இடுப்புப் பகுதியான சென்ட்ரோமியரில் 171 எழுத்துள்ள ஆல்ஃபா சாட்டிலைட் வரிசை லட்சக்கணக்கான எழுத்து தூரத்துக்கு அடுத்தடுத்து நிற்கும். அப்புறம், கருவின் உடலமைப்பைத் தீர்மானிக்கும் ஹாக்ஸ் மரபணுத் தொகுதிகளில் அலு, லைன்-1 போல இடம்பெயரும் வரிசைகள் கிட்டத்தட்ட இல்லை. அங்கே நுழைந்தவற்றை இயற்கைத் தேர்வு கழித்துவிட்டது என்பதே பொதுவான விளக்கம்.

குப்பை என்ற சொல்லும் அரைகுறைதான். பெரும்பகுதிக்கு வேலை இல்லாமல் இருக்கலாம். ஆனால் குரோமோசோம் முனையிலுள்ள டெலோமியரும் மீள்வரிசையே. அது இல்லாவிட்டால் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.